‘வேலியோரம்’ நாடகத்தின் கடைசி இரண்டு பக்கங்கள்

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை மனசாட்சியிலிருந்து வரவில்லை. தொலைபேசியிலிருந்து வந்தது.

போன மாதம் கில்டாரா நாடகக் குழுவின் செயலாளர் கூப்பிட்டாள். பெயர் சோர்க்கா ஃபெரிக். ஐம்பது வருடத்துக்கு முன் எங்கள் பங்கு மண்டபத்தில் நான் எழுதிப் போட்ட ‘வேலியோரம்’ நாடகத்தை, ஈஸ்டருக்கு முன்னால் வரும் தவக்காலத்தில் மறுபடி மேடையேற்றப் போகிறார்களாம்.

“டீச்சர், தாத்தா பெட்டியில ரெண்டு பிரதி கெடச்சுது. ரெண்டுலயும் கடைசி வேற வேற மாதிரி இருக்கு. எதப் போடுறது?”

“தாத்தா ஒண்ணும் சொன்னதில்லையா?”

“சொல்லாமலே செத்துட்டார். இப்ப நீங்கதான் மிச்சம்.”

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். பிறகு, எழுதிப் பார்த்துச் சொல்கிறேன் என்று மாற்றிக்கொண்டேன். யோசிப்பதைத் தள்ளிப்போட எழுதுகிறவர்களுக்கு அதைவிட நல்ல வழி இல்லை.

2

தொடக்கங்கள்:

“மேயோ மாவட்டத்தின் கிழக்கே, ஈரம் உலராத ஒரு வயலின் மூலையில், பெயரில்லாத கற்கள்…” வேண்டாம். ஈரத்தில் ஆரம்பிக்கிறவர்கள் ஊரைவிட்டுப் போனவர்கள். நான் போகவில்லை.

“அந்நாளைய அயர்லாந்தில் திருச்சபைக்கு இருந்த அதிகாரத்தை…” இது கட்டுரை. கட்டுரையில் யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை.

“வின்னி லாவின் என்பவள் ஒரு புனிதை.” பொய். பக்கத்து வீட்டுக்காரியோடு ஒரு வேலிக்கதவு விஷயமாகப் பதினொரு வருடம் பேசாமல் இருந்தவள் அவள். பூசையில் இருவரும் ஒரே பெஞ்சில்தான் உட்கார்வார்கள். நடுவே குடை இருக்கும்.

“1958 செப்டம்பரில், பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு முட்புதரில் பழம் பறிக்கப் போனேன்.”

இது நடந்தது. இதை வைத்துக்கொள்கிறேன்.

3

எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. கில்டாராவுக்கு உதவி ஆசிரியையாக வந்து ஒரு வருடம். பிள்ளைகள் முன்னால் ஓடிக்கொண்டிருந்தார்கள். வின்னி வாளியோடு வயலுக்குள்ளிருந்து வந்தாள். அறுபதைத் தொடும் வயது. ஆண்பிள்ளைக் காலணி.

“டீச்சர், அந்த மூலைல மட்டும் மிதிக்க விடாதீங்க.”

“சேறா?”

“சேறில்ல. நம்ம பய அங்க இருக்கான்.”

கன்று அங்கே மேய்கிறது என்று சொல்வது போலச் சொன்னாள்.

இரண்டு ஊர்களின் வேலியும் சந்திக்கிற மூலை அது. எந்த ஊருக்கும் சேராத மண். புல்லுக்குள் சின்னச் சின்ன வெள்ளைக் கற்கள் இருந்தன. அவளுடையது மூன்றாவது. குழந்தை செத்துப் பிறந்தது 1926இல். ஞானஸ்நானம் இல்லை, ஆகவே மந்திரித்த மண்ணும் இல்லை, செபமும் இல்லை. மோட்சத்துக்கும் நரகத்துக்கும் நடுவே, அழுகையும் இல்லாமல் சிரிப்பும் இல்லாமல் ஓர் இடம் அதற்கு உண்டு என்று நானே வகுப்பில் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அவள் புருஷன் லூக் ஆள் நடமாட்டம் அடங்கியபின் ஒரு சோப்புப் பெட்டியில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான்.

“ஒரு மூச்சு விட்டிருந்தாக்கூட மருத்துவச்சியே தலைல தண்ணி ஊத்திப் பேரு வெச்சிருப்பா. சோம்பேறி, விடல. அப்பன மாதிரி.”

“சாமியார் வரலையா?”

“அன்னிக்கு அவருக்கு நேரமில்ல.”

(இந்த வரியை நாடகத்தில் வைத்தேன். சிரிப்பு வாங்கியது. அவள் அதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. அவள் நம்பியது இதுதான்: வரிசை நீளம், நம் முறை இன்னும் வரவில்லை, வரும். முப்பத்திரண்டு வருடமாக அப்படி நம்பினாள்.)

கோயில் பீடத் துணிகளைத் துவைத்து இஸ்திரி போடுவது அவள் வேலை. சனிக்கிழமை துணிகளைக் கொடுத்துவிட்டு, வரும் வழியில் ஒரு மருந்துப் புட்டியில் தீர்த்தம் எடுத்துவந்து மூலையில் தெளிப்பாள்.

“அவன் பங்கு ஒரு சொட்டு.”

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். வாளி, காலணி, சொட்டு. அவளிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சரி என்றிருப்பாள். அதனால்தான் கேட்டிருக்க வேண்டும்.

4

இந்தக் கதையில் எனக்குச் சரியாக வராத பாத்திரம் பங்குச் சாமியார் ட்ரூரி.

நாடகத்தில் அவரைச் சுலபமாக எழுதினேன். உயரம், கறுப்பு, கைக்கடிகாரம். வேலி மூலைக்கு வர மறுத்துவிட்டு விருந்துக்குப் போகிறவர். உண்மையான ட்ரூரி குள்ளம். தேனீ வளர்த்தார். பிரசவத்துக்கு வண்டி கிடைக்காத பெண்களைத் தன் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டு, அதைப் பற்றி யாரும் பேசினால் எரிந்து விழுந்தவர்.

மண்டபத்தின் சாவி அவரிடம். நாடகக் குழுவின் தலைவர் அவர். பள்ளிக்கூடத்தின் நிர்வாகியும் அவரே. தவக்காலத்தில் நடன அரங்குகளை மூடிவிடுவார்கள் என்பதால் நாடு முழுக்க அப்போதுதான் நாடகம் நடக்கும். ஊருக்கு ஊர் போட்டி, இறுதிச் சுற்று அத்லோனில். எந்தப் பிரதியும் அவருடைய பென்சிலுக்குத் தப்பாது.

கடைசி இரண்டு பக்கங்கள் இல்லாமல் அவரிடம் கொடுத்தேன்.

“முடிவக் காணோமே டீச்சர்?”

“இன்னும் தட்டச்சு ஆகல சாமி.”

“பெரிய சாமியாரப் போட்டுக் கிழிச்சிருக்கீங்க.”

“அது பொதுவா எழுதினது சாமி.”

“பொதுவாவே இருக்கட்டும். நான் இவ்வளவு உயரமில்லன்னு ஊருக்குத் தெரியும்.”

தட்டச்சு பற்றிச் சொன்ன பொய்க்கு மட்டும் நான் வெட்கப்படவில்லை.

அந்த இரண்டு பக்கங்களில் இருந்தது இவ்வளவுதான்: பெரிய சாமியார் போனபின் இளம் உதவிச் சாமியார் தனியாக வேலி மூலைக்கு வருகிறார். சடங்குக்குச் சாமியார்கள் அணியும் ஊதா நிறப் பட்டியைக் கழுத்தில் போட்டுக்கொள்கிறார். மண்டியிட்டு ஒரு ‘அருள் நிறைந்த மரியாயே’ சொல்கிறார். திரை.

உதவிச் சாமியாராக நடித்தவன் மார்ட்டி ஃபெரிக், சோர்க்காவின் தாத்தா, அப்போது பால் கேன் லாரி ஓட்டுகிறவன்.

“நான் சாமியாரா? என்கிட்ட ஒரு ஆடுகூடப் பாவசங்கீர்த்தனம் பண்ணாது டீச்சர்.”

“மொகத்தக் கொஞ்சம் சோகமா வெச்சுக்கோ, போதும்.”

“இதான் என் சந்தோஷ மொகம்.”

ஊதாத் துணி கடையில் கிடைக்கவில்லை. கோயில்பிள்ளை, திருவழிபாட்டு அலமாரியின் அடியிலிருந்து ஒரு பழைய பட்டியை எடுத்து வந்து கொடுத்தார். கிழிந்து தைத்தது. “யாருக்கும் அடையாளம் தெரியாது” என்றார்.

தைத்தவளுக்குத் தெரியாதா?

5

ஒரு வீட்டில் செபமாலை எப்படிச் சொல்வார்கள் என்பதை இங்கே ஒரு வரியில் சொல்லியாக வேண்டும். ஒருவர் பாதி சொல்வார். மற்றவர்கள் மீதிப் பாதி சொல்வார்கள். எங்கள் ஊரில் பேசப் பழகும் முன்பே அந்த மீதிப் பாதி வாயில் இருக்கும்.

[மேடைக் காட்சியை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். மூன்றிலும் நான் அழகாக இருந்தேன். இது நான்காவது.]

ஞாயிற்றுக்கிழமை. இருநூறு பேர். முன்வரிசையில் சாமியார் ட்ரூரி. மூன்றாம் வரிசையில் வின்னி, தொப்பியோடு. பின்னால், கதவோரம், எப்போதும் உட்காராத ஆண்கள். நான் பக்கத் திரைக்குப் பின்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

மார்ட்டி மண்டியிட்டான். பிரதிப்படி முழுச் செபத்தையும் அவனே தனியாகச் சொல்ல வேண்டும். பாதியில் ஒரு மூச்சு விடச் சொல்லி எழுதியிருந்தேன். உருக்கத்துக்காக.

“…உம்முடைய திருவயிற்றின் கனியாகிய இயேசுவும் ஆசீர்வதிக்கப்பட்டவரே.”

மூச்சு விட்டான்.

கதவோரத்திலிருந்து வந்தது: “அர்ச்சிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவே…” தொப்பியைத் தரையில் போட்டு அதன்மேல் ஒரு முழங்காலை ஊன்றியபடி, பூசையில் முணுமுணுப்பது போலவே அந்த ஆண்கள் முணுமுணுத்தார்கள். பிறகு நடு வரிசைகள். பிறகு மண்டபம். பாவிகளாயிருக்கிற எங்களுக்காக என்ற இடத்தில் மேடைப் பலகை அதிர்ந்தது.

மார்ட்டி என்னைப் பார்த்தான். அவனுடைய வரியை ஊர் எடுத்துக்கொண்டுவிட்டது. நான் கயிற்றை இழுக்கவில்லை. அவன் மறுபடி ஆரம்பித்தான். மறுபடி பதில் வந்தது. பத்து முறை. நான்காவது முறை அவன் குரல் நடிப்பிலிருந்து இறங்கிவிட்டது.

யாரும் கை தட்டவில்லை. பூசை முடிந்து போவது போலப் போனார்கள்.*

வின்னி மேடைக்கு ஏறி வந்தாள். மார்ட்டியின் கழுத்திலிருந்த பட்டியின் ஓரத்தைத் திருப்பித் தையலைப் பார்த்தாள்.

“நல்லா சொன்னடா. கொஞ்சம் வேகம். ஆனா நல்லா சொன்ன.”

“நான் வெறும் லாரிக்காரன் வின்னிம்மா.”

“தெரியாதா எனக்கு? என் கேன நசுக்கினவன் நீதானே.”

பிறகு என் பக்கம் திரும்பினாள். என் கன்னத்தைத் தட்டினாள்.

* முன்வரிசையில் சாமியாரின் உதடுகளும் அசைந்ததாக மார்ட்டி கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தான். நான் பார்க்கவில்லை. பார்த்ததாக எழுதினால் கதைக்கு நல்லது. பார்க்கவில்லை.

6

அந்த வாரமே வின்னி கல் கொத்துகிறவரிடம் போனாள். கல்லறைத் தோட்டத்தில் லூக்கின் கல்லில், அவன் பெயருக்குக் கீழே ஒரு பெயரைச் சேர்க்கச் சொன்னாள். மாலகி. முப்பத்திரண்டு வருடம் வாய்க்குள்ளேயே வைத்திருந்த பெயர். அவன் முறை வந்துவிட்டது, செபம் ஆயிற்று, ஊரே பதில் சொல்லிற்று, இனி எழுதலாம்.

கல் கொத்துகிறவர் சாமியாரிடம் கேட்டார். சாமியார் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

“உக்காருங்க டீச்சர். நல்ல நாடகம். எனக்கே தெரியாம நல்லா இருந்துது.”

உட்கார்ந்தேன்.

“அத்லோன் போகலாம். அந்தக் கடைசி ரெண்டு பக்கம் இல்லாம.”

“சரி சாமி.”

“இன்னொண்ணு. வின்னிகிட்ட யாராவது சொல்லணும். அது நாடகம், அதுல ஒண்ணும் ஆகிடலன்னு. நான் போனா தீர்ப்பு. நீங்க போனா வெறும் விளக்கம். கட்டினவங்களே பிரிச்சிருங்க.”

“ஒருவேளை அது போய்ச் சேந்திருந்தா சாமி? இருநூறு பேரு சொன்னது?”

[இந்தக் கேள்வியை நான் கேட்கவில்லை. இந்தக் கதையின் இரண்டாம் வரைவில் சேர்த்தேன். அதற்கு அவர் ஜன்னல் பக்கம் திரும்பி ஏதோ சொல்வதாகக்கூட எழுதினேன். அந்த அறையில் நான் கேட்டது ஒரே கேள்வி.]

“அத்லோன் தேதி மாறாதில்லையா சாமி?”

“மாறாது.”

வேலை போய்விடும் என்று பயந்துதான் நான் ஒப்புக்கொண்டேன் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அந்நாளில் எல்லோருக்கும் இருந்த பயம்தானே, பாவம், என்பார்கள். ஐம்பது வருடமாக நான் அதை மறுக்கவில்லை. வேலையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அத்லோன் வேண்டியிருந்தது. அவ்வளவுதான்.

7

நான் போகாமல் இருந்துவிட்டதாக ஒரு வடிவம் எழுதலாம். அதில் கல்லில் பெயர் ஏறும், சாமியார் கத்துவார், வாசகர் என்னை மதிப்பார்.

வின்னி என்னைத் துடைப்பத்தால் அடித்து விரட்டியதாக ஒரு வடிவம் எழுதலாம். அது எனக்கு ஆறுதலாக இருக்கும். ஆகையால் வேண்டாம்.

போனேன். அடுப்பங்கரையில் பீடத் துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு பெட்டி கையில், ஒரு பெட்டி அடுப்பில். என்னைப் பார்த்ததும் ரொட்டியை எடுத்து வைத்தாள்.

“வின்னிம்மா, அந்த நாடகத்தப் பத்தி.”

“அத்லோன் போறீங்களாமே. மார்ட்டி சொன்னான். அவன் தலைய வாரச் சொல்லுங்க.”

“அன்னிக்கு சொன்னது நெஜமான செபம் இல்ல. மார்ட்டி சாமியார் இல்ல.”

“வாரத்துக்கு ரெண்டு தடவ என் பால எடுத்துட்டுப் போறான். அவன் சாமியார் இல்லன்னு நீங்க வந்து சொல்லணுமா?”

“அது நான் எழுதினது வின்னிம்மா. வெறும் வசனம்.”

“செபத்த நீங்களா எழுதினீங்க?”

அவள் இஸ்திரிப் பெட்டியை மாற்றினாள். அவளுக்குக் கோபமே இல்லை. வகுப்பில் மந்தமான பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித் தருவது போல என்னோடு பேசினாள்.

“பட்டி நெஜம். நான் தெச்சது. செபம் நெஜம். மார்ட்டி மேடைக்காரன், சரி, அவன விட்ருவோம். ஜனங்க பதில் சொன்னாங்களே டீச்சர். அவங்களுமா நடிச்சாங்க?”

இந்த இடத்தில் நான் பலமுறை நிறுத்தியிருக்கிறேன். இந்தக் கதையை நான் முப்பது வருடத்தில் ஐந்து தடவை ஆரம்பித்து, ஐந்து தடவையும் இங்கே…

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அது எனக்கும் விளங்கவில்லை வின்னிம்மா என்று சொல்லியிருக்கலாம். அதற்கு மேல் என்னிடம் யாரும் எதையும் கேட்டிருக்க மாட்டார்கள். சாமியார்கூடக் கேட்கவில்லை. ஆனால் பேச்சு நீண்டுகொண்டே போயிற்று. நாலு மணிக்கு ஒத்திகை இருந்தது. எனக்கு ஒரு முடிப்பு வரி தேவைப்பட்டது. முடிப்பு வரி எழுதுவதில் நான் கெட்டிக்காரி.

“ஆமா வின்னிம்மா. அவங்களுக்கும் முன்னாடியே சொல்லி வெச்சிருந்தேன்.”

இஸ்திரிப் பெட்டி துணிமேல் நின்றது. எடுத்துவிட்டாள். துணி தீயவில்லை.

“எல்லாருக்குமா?”

“எல்லாருக்கும்.”

துணியை நான்காக மடித்தாள். பிறகு எட்டாக. பீடத் துணியை அவ்வளவு சின்னதாக மடிக்கக் கூடாது என்று அவளுக்குத் தெரியும்.

“அப்ப சரி” என்றாள். “டீ ஆறுது, குடிங்க.”

குடித்தேன்.

8

அத்லோனில் எங்களுக்கு இரண்டாம் பரிசு. வேலி மூலையில் அந்தப் பெண் தனியாக நிற்க, ஒரு வார்த்தை இல்லாமல் திரை விழுந்தது. நடுவர் அந்த முடிவைத் தனியாகப் பாராட்டினார். “எதைச் சொல்லாமல் விட வேண்டும் என்று இந்த ஆசிரியைக்குத் தெரிந்திருக்கிறது” என்றார்.

அதற்குப் பிறகு நான் எழுதிய எல்லாவற்றையும் அப்படித்தான் பாராட்டினார்கள். சிக்கனம் என்றார்கள். வெட்டக் கற்றுக்கொண்டது எங்கே என்று யாரும் கேட்கவில்லை.

வின்னி சொல்லி, கல் கொத்துகிறவர் உளியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார். அவள் எப்போதும்போலப் பூசைக்கு வந்தாள், துணி துவைத்தாள். என்னிடம் நல்லபடியாகவே பேசினாள். சனிக்கிழமைகளில் வேலி மூலைக்குப் போவது மட்டும் நின்றது. நான் கவனித்தேன். கவனிப்பதுதானே என் தொழில். 1971இல் செத்துப்போனாள். லூக்கின் பெயருக்கும் அவள் பெயருக்கும் நடுவே கல்லில் ஒரு பெயருக்கு இடம் இருக்கிறது. யார் விடச் சொன்னார்கள் என்று தெரியவில்லை.*

இரண்டு வருடத்துக்கு முன், மோட்சத்துக்கும் நரகத்துக்கும் இடையிலான அந்த நடுவிடம் இருந்தே ஆக வேண்டியதில்லை, அந்தப் பிள்ளைகளுக்கும் மோட்சத்தை நம்பலாம் என்று ரோமாபுரியில் படித்தவர்கள் கூடி எழுதியதாகச் செய்தித்தாளில் வந்தது. ஆறாம் பக்கம். கத்தரித்து எடுத்தேன். எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது என்று தெரியாமல் மேசை இழுப்பறையில் கிடக்கிறது.

* சாமியார் ட்ரூரி என்று எழுதினால் கதை நன்றாக மூடிக்கொள்ளும். தெரியவில்லை என்றே இருக்கட்டும்.

9

சோர்க்கா நேற்று மறுபடி கூப்பிட்டாள்.

“டீச்சர், எழுதிப் பாத்தீங்களா?”

“முதல் பிரதியப் போடு. ரெண்டு பக்கம் அதிகமா இருக்கே, அது.”

“அதுல அந்த சாமியார் பாத்திரம் முழுச் செபத்தையும் தனியா சொல்லுது. அப்படியேவா?”

“வேண்டாம். பாதில நிறுத்தச் சொல்லு. நிறுத்திட்டு அப்படியே இருக்கச் சொல்லு.”

“எவ்வளவு நேரம்?”

“வர்ற வரைக்கும்.”

“டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க. இப்பல்லாம் பாதிப் பேருக்கு அது வராது. சின்னவங்களுக்குச் சுத்தமா தெரியாது. யாரும் பதில் சொல்லலன்னா அசிங்கமாயிடும். முன்னாடியே ஒரு பத்துப் பேர்கிட்ட சொல்லி வெக்கட்டுமா?”

“வேண்டாம்.”

“நாலு பேர்கிட்ட?”

“ஒருத்தர்கிட்டயும் சொல்லி வெக்காத சோர்க்கா. நான் உன் கால்ல விழறேன்.”

“ஐயோ, சரி டீச்சர்.”

நான் போவதாக இருக்கிறேன். மூன்றாம் வரிசை. என் வாய் திறக்குமா என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு அந்த மீதிப் பாதியைச் சொல்ல உரிமை இருக்கிறதா என்பது வேறு கேள்வி. அதை யாரிடம் கேட்பது என்பது இன்னொரு கேள்வி.

முடிவு என்னிடம் இல்லை. இருந்த ஒன்றையும் ‘நான் எழுதியது’ என்று சொல்லி நானே கெடுத்தேன். மண்டபம் இருட்டாக இருக்கிறது. மார்ட்டியின் இடத்தில் வேறு யாரோ மண்டியிட்டிருக்கிறார்கள். நீங்கள் எந்த வரிசையில் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கு நான் எதுவும் சொல்லி வைக்கவில்லை.

“…உம்முடைய திருவயிற்றின் கனியாகிய இயேசுவும் ஆசீர்வதிக்கப்பட்டவரே.”

மூச்சு விடுகிறான்.